மௌலவிக்கு எதற்குக் கமரா?

இந்தத் தலைப்பு நான் யோசித்து வைத்ததல்ல. சில வருடங்களாக ஊரிலும் கண்டி டவுனிலும் பலர் என்னிடம் கேட்டுவரும் கேள்வி இது. சிலர் சிரித்துக்கொண்டு கேட்பார்கள், சிலர் சிரிக்காமல் கேட்பார்கள். தாடியும் தொப்பியும் ஜுப்பாவுமாக ஒருவர் இஷாவுக்குப் பிறகு கண்டி வாவிக் கரையில் முக்காலியின் மேல் கமராவைப் பொருத்திவிட்டு அசையாமல் நிற்பதைக் கண்டால் யாருக்கும் கேட்கத்தான் தோன்றும். ஒரு தடவையாக இங்கே எழுதிவிட்டால் இனிக் கேட்பவர்களிடம் இந்தப் பக்கத்தை நீட்டிவிடலாம் அல்லவா?

விஷயம் கமராவில் தொடங்கவில்லை, கிதாபில் தொடங்கியது.

மஃரிபுக்குப் பின் பள்ளிவாசலில் சில மாணவர்களுக்கு நான் ஃபிக்ஹு கிதாப் சொல்லிக்கொடுப்பது வழக்கம். தொழுகையின் பாடத்தில் கிப்லாவை அறிந்துகொள்ளும் அடையாளங்கள் பற்றி ஒரு பகுதி வரும். அவற்றில் மிகப் பலவீனமானது காற்று, மிகப் பலமானது 'குத்பு' என்று ஷாபிஈ மத்ஹபின் விரிவுரையாசிரியர்கள் எழுதுகிறார்கள். வடதுருவத்தைக் காட்டும் அந்த இடம் மிஸ்ரில் தொழுபவருக்கு இடது காதின் பின்னால் வரும், இராக்கில் வலது காதின் பின்னால் வரும், ஷாமில் முதுகுக்குப் பின்னால் வரும் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போவார்கள். நான் ஓதிய காலத்தில் இதை மனனம் செய்தேன். பிறகு பல வருடங்கள் அதையே சொல்லியும் கொடுத்தேன். 2016 இல் ஒரு நாள், பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை கையை உயர்த்தி, "ஹஸ்ரத், எங்கட ஊருக்கு அது எந்தப் பக்கம்? நீங்க கண்டிருக்கீங்களா?" என்று கேட்டது.

நான் கண்டதில்லை.

அன்றிரவு வெளியே வந்து வடக்கே பார்த்தேன். அக்குறணையில் எங்கள் வீடு மலைச்சரிவில் இருக்கிறது. வடக்கில் இன்னொரு மலை. அதற்கு மேலே மரங்கள். குத்பையும் காணவில்லை, அதன் பக்கத்து நட்சத்திரங்களையும் காணவில்லை. காரணம் பிறகுதான் விளங்கியது. பூமியில் நாம் நிற்கும் இடத்தின் அகலாங்கு எத்தனை பாகையோ, வடதுருவப் புள்ளியும் அடிவானத்திலிருந்து அத்தனை பாகை உயரத்தில்தான் நிற்கும். கெய்ரோவில் அது 30 பாகை. மக்காவில் 21 பாகை. கண்டியில் ஏழு பாகையும் கொஞ்சமும். கையை நீட்டி நான்கு விரலைக் கிடையாக அடிவானத்தில் வைத்தால் ஏறக்குறைய அவ்வளவுதான். மலைநாட்டில் அந்த உயரத்தில் யாருக்கு என்ன தெரியும்? கிதாபை எழுதியவர்கள் அண்ணாந்து பார்த்ததை நாம் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த வருடம் கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்த மச்சான் தான் பாவித்த கனன் டிஜிட்டல் கமரா ஒன்றை என் மகனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மகன் அதில் மழைத்துளியையும் ரம்புட்டான் பழத்தையும் படமெடுத்துக்கொண்டிருந்தான். அதன் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தபோது, ஷட்டரை 30 செக்கன் வரைக்கும் திறந்து வைக்கலாம் என்று கண்டேன். கண்ணால் காண முடியாத மங்கலான நட்சத்திரத்தை இது பிடிக்குமோ என்று அப்போதுதான் மனதில் பட்டது.

இது பற்றித் தெரியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் மலைப்பகுதியில் பீலியில் வாளி வைத்துத் தண்ணீர் பிடிப்போம் அல்லவா? பீலி பருமனாக இருந்தால் வாளி சீக்கிரம் நிறையும். நூல் போல ஒழுகினால் கனநேரம் காத்திருக்க வேண்டும். எப்படியானாலும் வாளி நிறையும். கமராவுக்குள் இருக்கும் ஒளியுணரிதான் வாளி. வில்லையின் துவாரம் பீலி. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் காத்திருக்கும் நேரம். பகலில் ஒரு செக்கனின் இருநூறில் ஒரு பங்கு போதும். இரவில் அதே துவாரத்தை 10, 20, 30 செக்கன் திறந்து வைத்தால், இருட்டு என்று நாம் நினைத்த இடத்திலும் வெளிச்சம் சேர்ந்துகொண்டே போகும். நமது கண்ணுக்கு இப்படிச் சேமித்து வைக்கும் வசதி இல்லை. துவாரத்தின் இலக்கம் கூடக்கூடத் துவாரம் சிறுக்கும் என்பதுதான் புதியவர்களைக் குழப்பும் விஷயம். எஃப் 4 பெரியது, எஃப் 16 சிறியது. எனக்கு இது தலையில் ஏற ஒரு வாரம் எடுத்தது.

முதலில் வாவிக் கரையில் பழகினேன். 1807 இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க மன்னன் கட்டத் தொடங்கிய வாவி அது. இரவில் சுற்றுவட்டப் பாதையின் விளக்குகள் தண்ணீரில் நீளநீளமாக விழும். எடுத்த படமெல்லாம் ஆடிப்போயிருந்தது. முக்காலி நல்ல முக்காலிதான், என் விரல்தான் பிழை. பொத்தானை அழுத்தும் போது கமரா நடுங்குகிறது, அந்த நடுக்கமும் படத்தில் பதிகிறது. பொத்தானை அழுத்திவிட்டுக் கையை எடுத்தபின் இரண்டு செக்கன் கழித்துத் திறக்குமாறு வைக்கலாம் என்று மகன்தான் காட்டித் தந்தான். பிறகு கெட்டம்பேயில் மகாவலியை அஸருக்குப் பின் படமெடுத்தேன். துவாரத்தை நன்றாகச் சுருக்கி ஒரு செக்கன் திறந்தால் கற்களுக்கிடையே ஓடும் தண்ணீர் பஞ்சு போல வரும். அழகுதான். ஆனால் இரண்டு மூன்று தடவைக்குப் பின் எல்லாத் தண்ணீரும் ஒரே பஞ்சாகத் தெரிந்தது. எனக்கு அதில் பெரிய பிரியம் வரவில்லை.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. நீண்ட நேரம் திறந்திருந்தால் கமராவின் உணரி சூடாகி, இல்லாத இடத்தில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகளைக் காட்டும். அதைத் திருத்த ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 30 செக்கன் படம் எடுத்து முடிந்ததும், கமரா கதவை மூடிக்கொண்டு இன்னொரு 30 செக்கன் வெறும் இருட்டைப் படமெடுக்கிறது. அந்த இருட்டில் தெரியும் புள்ளிகளெல்லாம் தன்னுடைய குறைகள் என்று அறிந்து, அவற்றை முதற்படத்திலிருந்து கழித்துவிடுகிறது. இதை நான் ஒரு ஜும்ஆ பயானில் முஹாஸபாவுக்கு உதாரணமாகச் சொன்னேன். தொழுகை முடிந்ததும் மூன்று இளைஞர்கள் என்னிடம் ஓடி வந்தார்கள். முஹாஸபா பற்றிக் கேட்க அல்ல, கமராவின் விலையைக் கேட்க.

இனி, சிரிக்காமல் கேட்பவர்களின் கேள்விக்கு வருகிறேன். உருவப்படம் கூடுமா கூடாதா என்ற கருத்து வேறுபாடு உலமாக்களிடையே உண்டு என்பது வாசகர்கள் அறிந்ததே. எங்கள் உஸ்தாத்மார் கண்டிப்பானவர்கள். நான் ஓதிய அரபுக் கல்லூரியில் அடையாள அட்டைக்கு என்று ஒரு தடவை படம் எடுத்ததைத் தவிர வேறு படம் இல்லை. மறுபக்கம், எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷெய்க் முஹம்மத் பகீத் அல்-முதீஈ அவர்கள், புகைப்படம் என்பது புதிதாக உருவம் படைப்பதல்ல, நிழலைப் பிடித்து நிறுத்துவதே என்று வாதித்துத் தனியாக ஒரு ரிஸாலாவே எழுதினார்கள். நான் இங்கே ஃபத்வா சொல்ல வரவில்லை. உயிரற்றவற்றைப் படமெடுப்பதில் யாருக்கும் பிணக்கு இல்லை என்பதால் மலை, வானம், ஆறு, கட்டடம் என்று அந்த எல்லைக்குள் நின்றுகொண்டேன்.

அதில்தான் ஒரு வேடிக்கை. கண்டி டவுனில் மாலை நேரத்தில் ஆளில்லாத தெருவுக்கு எங்கே போவது? தேவையில்லாமல் போயிற்று. 30 செக்கன் திறந்து வைத்தால் நடந்து போகிறவர்கள் படத்தில் விழுவதேயில்லை. எந்த இடத்திலும் அவர்கள் போதுமான நேரம் நிற்பதில்லை. பஸ் போனால் அதன் பின் விளக்கு மட்டும் சிவப்புக் கோடாக நிற்கும், பஸ் இருக்காது. 1838 இல் பாரிஸில் டாகெர் என்பவர் ஜன்னலிலிருந்து ஒரு பெருந்தெருவைப் படமெடுத்தார். அந்தக் காலத் தகட்டில் ஒளி பதியப் பல நிமிடம் வேண்டும். வண்டிகளும் மனிதர்களும் நிறைந்திருந்த தெரு வெறிச்சோடிக் கிடப்பதாகப் படத்தில் வந்தது. ஓரத்தில் ஒரு மனிதர் காலைத் தூக்கி வைத்துச் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டு நின்றார். அசையாமல் நின்றதனால் அவர் தகட்டில் தங்கிவிட்டார். பெயர் தெரியாத அவரைத்தான், புகைப்படத்தில் விழுந்த முதல் மனிதர்களில் ஒருவர் என்று இன்று சொல்கிறார்கள். நம் மலைநாட்டிலும் இதற்கு ஒரு தொடர்பு உண்டு. எதிரில் இருப்பவர்களை நிமிடக்கணக்கில் அசையாதிருக்கச் சொல்லிப் படமெடுத்துப் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கெமரன் என்ற அம்மையார் 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே மறைந்தார். பொகவந்தலாவையில் அவரது அடக்கத்தலம் இருக்கிறது. இவர்களுக்கெல்லாம் எட்டு நூற்றாண்டுகளுக்கு முன், பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் இருட்டறையின் சிறு துவாரத்தால் வரும் ஒளியை ஆராய்ந்து எழுதிவிட்டார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று, பள்ளி முற்றத்து மாமரத்தின் கீழ் இலை இடுக்குகளால் விழுந்த வெளிச்சமெல்லாம் பிறை பிறையாகக் கிடந்ததை மாணவர்களுக்குக் காட்டினேன். அவர் எழுதியதும் அதைப் பற்றித்தான்.

குத்பைத் தேடிய கதைக்குத் திரும்புவோம். 2017 மார்ச்சில் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு மகனையும் அழைத்துக்கொண்டு ஹந்தானைக்கு ஏறினேன். தேயிலை நூதனசாலையையும் கடந்து மேலே, வடக்கே பார்வை திறந்திருக்கும் ஒரு தேயிலைச் சரிவு. தோட்டத்துக் காவற்காரரிடம் முன்னரே அனுமதி கேட்டு வைத்திருந்தேன். கீழே கண்டி முழுதும் விளக்காகக் கிடந்தது. அந்த வெளிச்சத்தில் ஒரேயடியாக ஒரு மணித்தியாலம் திறந்து வைத்தால் படம் வெள்ளையாகிவிடும். ஆகவே 30 செக்கன் 30 செக்கனாக அடுத்தடுத்து எடுக்குமாறு வைத்தோம்.

அரை மணித்தியாலத்தில் வில்லையில் பனி படிந்து எல்லாம் மங்கிவிட்டது. துடைத்தால் மறுபடி படிகிறது. காவற்காரர் வந்து பார்த்தார். "குளிர்ந்த கண்ணாடியிலதான் மௌலவி ஐயா தண்ணி பிடிக்கும். சூடு காட்டுங்க" என்று சொல்லி, தமது பிளேன்டீப் போத்தலைத் துவாயில் சுற்றி வில்லையின் கீழே கட்டிவிட்டார். அதன்பின் பனி படியவில்லை. பிறகு நான் வாசித்த புத்தகங்களில் அதே வைத்தியத்தை மின்கம்பியால் செய்யச் சொல்லியிருந்தது. "என்னத்தப் புடிக்கிறீங்க?" என்று அவர் கேட்டார். எங்கள் தொழுகைத் திசையின் அடையாளம் என்று விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் வடக்கே பார்த்துவிட்டு, "அதுக்கு மலைக்கே வரணுமா?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு மணித்தியாலத்துக்கு இருநூற்று நாற்பது படம். ஸுப்ஹுக்கு இறங்கிவிட்டோம். அவற்றை மகன் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபோது நான் பக்கத்தில் இருந்தேன். நட்சத்திரங்கள் ஒவ்வொன்றும் வில்லாக வளைந்து, எல்லா வில்லும் மலை விளிம்புக்குச் சற்று மேலே ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தன. ஸுப்ஹானல்லாஹ்! கிதாபில் ஓதி இருபது வருடம் கழித்து அதை அன்றுதான் கண்டேன். கண்டி மக்கள் கிப்லாவை நோக்கி நின்றால் குத்பு வலது பக்கம், தோளுக்குச் சற்று முன்னால் வருகிறது. அந்த மாணவனுக்கு அதைத்தான் சொன்னேன்.

ஆனால் அவன் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு அடுத்த கேள்வியைப் போட்டான். குத்பு என்பது ஃபர்கதான் எனும் இரு நட்சத்திரங்களுக்கும் ஜுதைக்கும் இடையில் இருக்கிறது என்றல்லவா கிதாபில் ஓதினோம்? படத்தில் ஜுதைதானே ஏறக்குறைய நடுவில் இருக்கிறது? கிதாப் பிழையா? நான் தடுமாறிவிட்டேன். தேடி வாசித்தபின்தான் தெரிந்தது, இரண்டும் சரி. பூமியின் அச்சு பம்பரம் போல மெல்லத் தலையாட்டுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 26,000 வருடம். அந்த இமாம்களின் காலத்தில் ஜுதை துருவப் புள்ளியிலிருந்து சில பாகை தள்ளி நின்றது. இன்று ஒரு பாகைக்கும் குறைவாக நெருங்கிவிட்டது. அவர்கள் தங்கள் வானத்தைப் பார்த்துச் சரியாகவே எழுதினார்கள். நாம்தான் நம் வானத்தைப் பார்க்காமல் ஓதினோம்.

2018 மார்ச்சில் திகனையிலும் அக்குறணையிலும் நடந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2019 ஏப்ரலுக்குப் பின் தாடியுடன் இரவில் முக்காலி தூக்கித் திரிய எனக்கே மனம் வரவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானாகவே கமராவை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அதை மறுபடி எடுத்தது 2020 இல், ஊரடங்கில். அக்குறணை மூடப்பட்டிருந்தது. பாதையில் வாகனம் இல்லை, புகை இல்லை. வானம் கழுவி விட்டாற்போலத் தெளிவாக இருந்தது. பள்ளிவாசலும் பூட்டு. விறாந்தை ஓரத்தில் கிழக்கு நோக்கிக் கமராவை வைத்து, ஸஹருக்கு முன்னால் ஓட விட்டேன். நம் நாட்டில் கிழக்கே உதிக்கும் நட்சத்திரங்கள் ஏறக்குறைய நேராக ஏணி ஏறுவது போல மேலே போகும். நஸ்ருத் தாயிர் எனும் நட்சத்திரம் விறாந்தைக் கூரைக்கு மேலே ஏறுவதைப் பிடிக்க வேண்டும் என்பது எண்ணம். படத்தின் கீழ் மூலையில் விறாந்தையின் சாய்மனைக் கதிரையும் விழுந்தது. நான் உள்ளே போய்த் தஹஜ்ஜுத் தொழுதேன்.

வாப்பா கராம்பும் மிளகும் வாங்கி விற்றவர். ஹஜ்ஜுக்கான கடவுச்சீட்டுக்கும் அடையாள அட்டைக்கும் தவிரப் படத்துக்கு நின்றதேயில்லை. கலியாண வீடுகளில் படம் எடுப்பவர் வந்தால் எழுந்து சமையலறைப் பக்கம் போய்விடுவார். என் கமராவைப் பற்றி அவர் நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை.

விடிந்தபின் படங்களைப் பார்த்தேன். நான் உள்ளே இருந்தபோது வாப்பா வுழூ செய்துவிட்டு வந்து அந்தக் கதிரையில் அமர்ந்திருக்கிறார். பதினான்கு படங்களில் இருந்தார். பதின்மூன்றில் புகை போல. ஒன்றில் மட்டும், சமையலறை விளக்கின் மெல்லிய வெளிச்சத்தில் முகம், தாடி, தோள், சாரத்தின் கட்டங்கள் எல்லாம் தெளிவு. முப்பது செக்கன் அப்படியே இருந்திருக்கிறார். தஸ்பீஹ் உருட்டிய வலது கை மட்டும் இல்லை. முழங்கைக்குக் கீழே வெறும் மங்கல்.

ஒளிக்க விரும்பாமல் அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"கை எங்க மகன்?"

"அசைஞ்சதால விழல்ல வாப்பா."

"அப்ப சும்மா இருந்ததெல்லாம் விழுந்திருக்கு" என்று சிரித்தார். பிறகு கமராவை என்னிடம் தந்து, "அழிச்சிடுங்க" என்றார்.

சரி என்றேன். அன்று அழிக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. பெற்றோரின் சொல்லைக் கேட்பது பற்றி வகுப்பில் பாடம் நடத்திவிட்டு வந்த நாட்களிலும் அழிக்கவில்லை. 2022 இல் வாப்பா வஃபாத்தானார்கள். அல்லாஹ் அவர்களின் கப்ரை விசாலமாக்குவானாக. அதன்பின் அழிப்பது இன்னும் கஷ்டமாகிவிட்டது. உயிரோடு இருந்தபோது கேட்டிருந்தால் மனதை மாற்றியிருப்பாரோ என்றெல்லாம் எனக்கு நானே வழக்காடினேன். அவர் மாற்றியிருக்க மாட்டார். எனக்கு அது தெரியும்.

உம்மாவின் இத்தா முடிந்து சில நாட்களின் பின், தங்கை வந்திருந்தபோது பேச்சோடு பேச்சாக மகன் சொல்லிவிட்டான். தங்கை அழுதாள், தனக்கு ஒரு பிரதி வேண்டும் என்றாள். உம்மா ஒன்றும் பேசவில்லை. தங்கை போனபின், "கொண்டு வாங்க, பார்ப்போம்" என்றார்.

கமராவின் சின்னத் திரையில் அதை எடுத்துக் கொடுத்தேன். உம்மா கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இந்தச் சாரம் நோன்புப் பெருநாளைக்கு எடுத்தது" என்றார். பிறகு, "வாப்பா இதப் பத்தி ஏதும் சொன்னாரா?" என்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப ஏன் வச்சிருக்கீங்க?"

நான் பேசாமல் இருந்தேன். உம்மா கமராவை என் கையில் தந்தார். அவர் முன்னாலேயே அழித்தேன். பதினான்கையும். ஒவ்வொன்றுக்கும் கமரா ஒரு தடவை 'அழிக்கவா?' என்று கேட்டது. பிரதி எதுவும் எடுத்து வைக்கவில்லை. தங்கை இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அழித்து முடிந்ததும் அடுத்த படம் தானாகத் திரைக்கு வந்தது. வாப்பா எழுந்து உள்ளே போனபின் விழுந்தது. அதே விறாந்தை, அதே விளக்கு, கூரைக்கு மேலே ஒரு நட்சத்திரம்.

"இதையும் அழிக்கணுமா உம்மா?" என்று கேட்டேன்.

உம்மா எட்டிப் பார்த்தார். "இதுல கதிரை மட்டும்தானே இருக்கு" என்றார். "இது இருக்கட்டும்."